தெரிந்த சொல்தான்... ஆனால் புரியவில்லை!

எல்.கே.ஜி. குழந்தையிடம் கேட்டாலும் டக்கென்று சொல்லிவிடும். ‘ரன்’ என்றால் ஓடு. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. படம் போட்ட புத்தகத்தில் ஒரு பையன் டிராயரைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பான். இதில் படிக்க என்ன இருக்கிறது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் தயாரிப்பவர்களால் அப்படிப் போய்விட முடியவில்லை. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரே ஒரு சொல்லோடு சுமார் 9 மாதங்கள் மல்லுக்கட்டினார். 2011-ல் அந்தத் தகவல் வெளியானபோது உலகமே வாயைப் பிளந்தது. வினைச்சொல்லாக மட்டும் ‘ரன்’னுக்கு 645 பொருள்கள்! அதற்கு முன் 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் ராஜா. அதற்குச் சுமார் 430 பொருள்கள். பிறகு அந்த நாற்காலியை ‘ரன்’ பிடித்துக்கொண்டது.

645 என்றதும் ஆங்கிலம் படிக்கும் ஆசையே விட்டுப்போகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

நம்ம ஊர் ‘ஓடு’ மட்டும் சும்மாவா இருக்கிறது? கடிகாரம் ஓடுகிறது. ஃபேன் ஓடுகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது. ராத்திரி பத்து மணி வரை பஸ் ஓடும். கடை ஓடுகிறது. சம்பளம் தள்ளிப்போன மாதத்திலும் குடும்பம் எப்படியோ ஓடிவிடுகிறது. மனசுக்குள் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘கவலையில எனக்கு ஒண்ணுமே ஓடல’ என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் கால் வலி என்று யாரும் தைலம் எடுத்து வருவதில்லை. ‘அந்த வீட்டுப் பொண்ணு ஓடிப்போயிருச்சாம்’ என்று காதோடு காதாகச் சொன்னால், ஓட்டப்பந்தயத்தில் என்ன பரிசு என்று யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் பட்டியல் போட்டு எழுத வைக்கவில்லை. திண்ணையிலும் அடுப்படியிலும் பஸ் ஸ்டாண்டிலும் காதில் விழுந்து விழுந்து, தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்தவர் மொழியில் இதே சங்கதி வரும்போதுதான் சிக்கல். அந்தச் சிக்கல் சில இடங்களில் சிரிப்போடு முடியும். ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் சிரிப்போடு முடியாது.

வார்டில் வந்த ‘ரன்ஸ்’

அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். அப்பாவுக்கு பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. பிளஸ் டூ வரை தமிழ்வழிப் படிப்பு, பிறகு பி.எஸ்சி. நர்ஸிங். ஆறு வருடம் மதுரையில் வேலை பார்த்துவிட்டு, இங்கிலாந்துக்குப் போக ஆசைப்பட்டார். ஆசைப்பட்டால் போதுமா? அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுபவர்கள் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 எடுத்தாக வேண்டும். இரண்டு முறை தவறவிட்டு மூன்றாவது முறை எடுத்தார். அப்பா கடையில் அன்று எல்லோருக்கும் இலவச டீ.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரம். பொது மருத்துவ வார்டு. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். காலை ரவுண்டில் ஜன்னலோரப் படுக்கையில் இருந்த எண்பது வயதுப் பெரியவர் சோர்வாகச் சொன்னார்: “ஐ ஹேட் தி ரன்ஸ் ஆல் நைட், லவ்.”

‘லவ்’ என்றதில் அவருக்குக் குழப்பமில்லை. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பஸ் கண்டக்டர் முதல் பால்காரர் வரை எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று முதல் வாரமே தெரிந்துகொண்டிருந்தார். நம்ம ஊரில் ‘ஏம்மா’, ‘என்னப்பா’ என்பதுபோல. ஆனால் ‘ராத்திரி முழுக்க ரன்ஸ்’ என்றால்? டி.வி.யில் கிரிக்கெட் பார்த்திருப்பாரோ என்றுதான் முதலில் தோன்றியது. சிரித்தபடி தலையாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்.

இரண்டு அடி போனதும் ஏதோ உறுத்தியது. மேட்ச் பார்த்தவர் முகம் இப்படியா வாடியிருக்கும்?

திரும்பி வந்தார். “மன்னிக்கணும் ஐயா, ‘தி ரன்ஸ்’னு சொன்னீங்களே, அப்படின்னா என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பெரியவருக்கே வெட்கமாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, கழிவறைப் பக்கம் கையைக் காட்டினார்.

வயிற்றுப்போக்கு!

இந்த நோய்க்குரிய மருத்துவச் சொல் அவருக்கு அத்துப்படி. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவார். காரணங்கள், அறிகுறிகள், நீர்ச்சத்துக் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் நோயாளி பாடப்புத்தகத்தைப் பார்த்தா பேசுகிறார்? தன் வீட்டில் பேசுகிற மாதிரிதானே பேசுவார்!

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வார்டு சிஸ்டரிடம் சொன்னார். பெரியவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். மலப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வார்டில் எல்லோரும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவினார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகள் கையில் தடவும் ஆல்கஹால் ஜெல்லுக்குச் சாவதில்லை. ஒருவரைக் கவனிக்காமல் விட்டால், வரிசையாகப் படுத்திருக்கும் மற்ற முதியவர்களுக்கும் பரவிவிடலாம். இத்தனையும் அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெட்கம் எங்கே வருகிறது?

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. தப்பு எதுவும் நடந்துவிடவில்லை. சரியாகத்தான் செய்தார். ஆனாலும் மனசு அடித்துக்கொண்டது. ‘நர்ஸிங் டிகிரி முடிச்சுட்டு, ரன்னுன்னா என்னன்னு கேட்டுட்டு நிக்கிறேனே!’

ஆங்கிலம் கற்கும் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கடினமான சொல் வந்தால் கேட்க யாரும் வெட்கப்படுவதில்லை. ‘அது டாக்டர் பாஷை, புரியாது’ என்று பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். சின்னச் சொல் புரியவில்லை என்று சொல்லத்தான் நாக்கு எழாது. ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற குரல் எப்போதோ வகுப்பறையில் கேட்டது, இன்னும் காதுக்குள் இருக்கும். உடனே தலையை ஆட்டிவிடுவார்கள். பெரிய சொற்களைவிட இந்தச் சின்னச் சொற்களில் ஆபத்து அதிகம். காரணம், அவை நமக்குத் தெரிந்த முகத்தோடு வருகின்றன.

மறுநாள் அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் புலம்பினார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இதுல என்னம்மா இருக்கு? நாம ‘வயித்தால போகுது’ன்னு சொல்றோம். எங்க போகுதுன்னு யாராவது கேட்டாங்களா? நம்மளுக்குப் போகுது, அவங்களுக்கு ஓடுது. அவசரத்துக்கு அவங்க சொல்றதுதான் பொருத்தமா இருக்கு!”

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். யோசித்துப் பார்த்தால், அம்மா சொன்னது விளையாட்டுப் பேச்சு மட்டுமல்ல. முகம் சுளிக்கவைக்கும் விஷயத்தை நேராகச் சொல்லாமல், ‘போக்கு’ என்று தமிழும் ‘ஓட்டம்’ என்று ஆங்கிலமும் நாசூக்காகச் சொல்கின்றன. இரண்டு மொழிக்காரர்களுக்கும் தோன்றியிருப்பது ஏறக்குறைய ஒரே யோசனைதான்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு மாற்றம்

அன்று முதல் அவருடைய நோட்டு மாறியது. அதுவரை இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதிவந்தார். இனி தனிச்சொல்லை எழுதுவதில்லை என்று முடிவு செய்தார். காதில் விழுந்த முழு வாக்கியம், அதைச் சொன்னது யார், எந்த நேரத்தில், அதையே அம்மாவாக இருந்தால் தமிழில் எப்படிச் சொல்வார். இந்த நான்கும்தான் இனி நோட்டில்.

‘ரன்’னுக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்கினார். அது நிரம்ப இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

டாக்டர் சொன்னது: சில டெஸ்ட்கள் ‘ரன்’ பண்ண வேண்டும். டெஸ்ட் எடுத்துப் பார்க்கணும்.

நோயாளியின் மகள் சொன்னது: சர்க்கரை எங்கள் குடும்பத்தில் ‘ரன்’ ஆகிறது. எங்க பரம்பரைக்கே இருக்கு.

சீனியர் நர்ஸ் சொன்னது: இந்த டிரிப்பை எட்டு மணி நேரத்துக்கு ‘ரன்’ பண்ணு. ஒரு லிட்டர் சலைன் என்றால் மணிக்கு 125 மில்லி வீதம் ஓட வேண்டும். நம்ம ஊரிலும் ‘டிரிப்ஸ் ஓடிக்கிட்டு இருக்கு’ என்றுதானே சொல்கிறோம்!

தாமதமாக வந்த தோழி சொன்னது: இன்றைக்கு ‘ரன்னிங் லேட்’. ரயில் ஒரு மணி நேரம் லேட்டா ஓடுது என்பதுபோல.

பக்கத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. தமிழில் ‘ஓடு’ என்றும் ‘ஓட்டு’ என்றும் இரண்டு சொற்கள் தனித்தனியாக இருக்கின்றன. மிஷின் ஓடுகிறது, மிஷினை ஓட்டுகிறோம். கடை ஓடுகிறது, அப்பா கடையை ஓட்டுகிறார். ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே ‘ரன்’தான். தானாக ஓடினாலும் ‘ரன்’, ஒருவர் ஓட்டினாலும் ‘ரன்’. டெஸ்ட், டிரிப், கடை, கம்பெனி எல்லாவற்றையும் ‘ஓட்டு’ என்ற பக்கத்தில் போட்டதும் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

மீதிப் பாதிக்குச் சொல்லின் பூர்வீகம் உதவுகிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூதாதைக்கு ஓடுவது, நீர் வழிந்தோடுவது என்ற இரு பொருளும் உண்டு. இதன் ஒன்றுவிட்ட உறவான ஜெர்மன் சொல் இன்றும் நீர் ஒழுகுவதைத்தான் குறிக்கிறது. அதனால்தான் ஜலதோஷம் பிடித்தால் மூக்கு ‘ரன்’ ஆகிறது. தமிழில் மூக்கு ஒழுகுகிறது. புதுத் துணியைத் தண்ணீரில் போட்டால் அங்கே சாயம் ‘ரன்’ ஆகிறது, இங்கே சாயம் போகிறது. பிறகு இயந்திரங்கள் வந்தன, ரயில் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. நிற்காமல் இயங்கும் ஒவ்வொன்றையும் இந்தச் சொல் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டே போனது.

வால் மாறினால் எல்லாம் மாறும்

இன்னொரு சிக்கல், சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொற்கள்.

ஒரு நாள் மருந்துச் சீட்டு ஒன்றில் சந்தேகம். “ரன் இட் பை தி டாக்டர் ஃபர்ஸ்ட்” என்றார் சீனியர் நர்ஸ். இவர் சீட்டை எடுத்துக்கொண்டு வேக வேகமாகப் போய், டாக்டர் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“எதைப் பத்தி?”

அந்த வாக்கியத்துக்கு ‘டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்’ என்று பொருள். ஓடவும் வேண்டாம், கொண்டுபோகவும் வேண்டாம்!

‘ரன் அவுட்’ என்றால் தெருவில் மட்டை பிடித்த எந்தப் பையனுக்கும் தெரியும். ஆனால் வார்டில் கையுறை ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோய்விட்டது. ‘ரன் இன்ட்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. நோயாளி ‘ரன் டவுன்’ ஆக இருப்பதாகச் சொன்னால் உடம்பு அசந்துபோயிருக்கிறது. வண்டி ஒருவரை ‘ரன் டவுன்’ செய்தது என்றால் இடித்துத் தள்ளிவிட்டது.

இது என்ன அநியாயம் என்று தோன்றலாம். தமிழில் இதைவிடப் பெரிய விளையாட்டு நடக்கிறது. ‘சாப்பிடு’ என்பது ஒன்று. ‘சாப்பிட்டுப் பார்’ என்பதில் கண்ணுக்கு வேலையில்லை. ‘சாப்பிட்டு வை’ என்பதில் எதையும் எங்கேயும் வைப்பதில்லை. ‘சாப்பிட்டுத் தொலை’ என்றால் எதுவும் காணாமல் போவதில்லை, அம்மாவுக்குக் கோபம் என்று மட்டும் அர்த்தம். வாலில் வரும் சொல் முழு வாக்கியத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரர் இதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொள்வார்.

அப்படி ஒருவர் வார்டிலேயே கிடைத்தார். டீ நேரத்தில் ஒரு ஆங்கிலேயத் தோழி ஆசையாகத் தமிழ் கேட்டார். காய்ச்சலை எப்படிச் சொல்வீர்கள்? ‘காய்ச்சல் அடிக்குது’ என்றார் நர்ஸ். ‘அடி’ என்றால் கையால் அடிப்பது என்று தோழிக்கு முன்பே தெரியும்.

“காய்ச்சல் அடிக்குமா? யாரை?”

வெயிலும் அடிக்கும், காற்றும் அடிக்கும், போனும் அடிக்கும், சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், பரீட்சையில் காப்பி அடிப்பார்கள், படம் நன்றாக இல்லாவிட்டால் போர் அடிக்கும் என்று வரிசையாகச் சொன்னதும் தோழி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “இவ்வளவு அடிதடியான மொழியா உங்களுடையது!” என்று கேட்டாராம். அன்றுதான், தான் தினமும் படும் பாடு மொழிக்குப் புதிதான எவரும் படும் பாடுதான் என்று நர்ஸுக்கு முழுசாக உறைத்தது. வெட்கம் பாதியாகக் குறைந்தது.

பழைய ஆசிரியர்கள் காட்டிய வழி

ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பது தமிழர்களுக்குப் புதிய சங்கதியல்ல. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில் 12 தொகுதிகள். அதில் 11-வது தொகுதி முழுவதும், ஒரே சொல்லுக்கு உள்ள பல பொருள்களைச் சொல்வதற்கென்றே இருக்கிறது.

ஆங்கிலத்தைப் பிறமொழிக்காரர்களுக்குக் கற்பிக்கப் பாடுபட்ட இருவர் இன்னும் கொஞ்சம் வழிகாட்டியிருக்கிறார்கள். ஒருவர் மைக்கேல் வெஸ்ட். வங்காளத்தில் பல ஆண்டுகள் கல்விப் பணியில் இருந்த ஆங்கிலேயர். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள் இருக்கின்றன. சொற்களைத் தந்ததோடு நிற்காமல், ஒவ்வொரு பொருளும் புழக்கத்தில் எத்தனை சதவிகிதம் வருகிறது என்ற கணக்கையும் கொடுத்தார். எல்லாப் பொருளும் எல்லா நாளும் தேவைப்படாது, அடிக்கடி வருவதை முதலில் படித்தால் போதும் என்பது அதன் செய்தி. அந்த 645-ல், ஆக்ஸ்போர்டு பேராசிரியருக்கே தினமும் தேவைப்படுவது மிகக் கொஞ்சம்தான்.

இன்னொருவர் ஏ.எஸ்.ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவரும் நண்பர்களும் தயாரித்த, ஆங்கிலம் கற்போருக்கான அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. பிறகு ஆக்ஸ்போர்டு பதிப்பகம் அதை வெளியிட்டது. இன்றும் மாணவர்கள் மேஜையில் இருக்கும் ‘அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’ அகராதி அதன் வழிவந்ததுதான். பொருளை மட்டும் சொல்லாமல், சொல்லை வாக்கியத்தில் எப்படிப் பொருத்துவது என்று காட்டியதுதான் அதன் சிறப்பு.

தென்காசி நர்ஸ் இவர்கள் இருவரைப் பற்றியும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவருடைய நோட்டு அதே வேலையைத்தான் செய்தது. நம் பெரியவர்கள் ‘இடம், பொருள், ஏவல்’ பார்த்துப் பேசு என்பார்கள். பேசுவதற்கு மட்டுமில்லை, கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் அதுவே வழி. சொன்னது யார், எங்கே நின்று சொன்னார், முகம் எப்படி இருந்தது? மேட்ச் பார்த்தவர் முகமா, ராத்திரி முழுக்கத் தூங்காதவர் முகமா?

அதன் பிறகும் புரியவில்லை என்றால் கேட்டுவிட வேண்டியதுதான். அதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் அந்த ‘இதுகூடத் தெரியாதா?’தான். வீட்டில் ஒரு குழந்தை சின்னச் சொல்லுக்கு அர்த்தம் கேட்கும்போது அந்த வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள். போனில் ஆங்கிலம் படிக்க முயலும் அம்மாவிடமும், பேரனோடு பேச ஆசைப்படும் தாத்தாவிடமும் அதைச் சொல்லாதீர்கள். பிள்ளை வளர்ந்து டிகிரி வாங்கிக் கடல் தாண்டிப் போனாலும், அந்த வாக்கியம் கூடவே போகும்; கேட்க வேண்டிய நேரத்தில் வாயைப் பொத்தும்.

இப்போது அந்த வார்டுக்குப் புதிதாக வரும் வெளிநாட்டு நர்ஸ்களைக் கூட இருந்து பழக்கும் பொறுப்பு அவருக்கு. கேரளாவிலிருந்து வருகிறார்கள், பிலிப்பைன்ஸிலிருந்து வருகிறார்கள். முதல் நாள் அவர்களிடம் அவர் சொல்வது இதுதான்: “தெரியாத பெரிய வார்த்தையைப் புத்தகத்துல பார்த்துக்கலாம். தெரிஞ்ச சின்ன வார்த்தை புரியலைன்னா, அந்த இடத்துலயே ஆளைக் கேட்டுருங்க.”

சொல்லிவிட்டுத் தன் பழைய நோட்டை அவர்களிடம் கொடுக்கிறார். தமிழ் எழுத்து அவர்களுக்குப் புரியாது. ஆனாலும் ‘ரன்’ என்ற ஒரே சொல்லுக்கு நான்கு பக்கம் நிரம்பியிருப்பதையும், அதற்கு அடுத்து இரண்டு பக்கம் காலியாக விட்டிருப்பதையும் பார்த்ததும் அவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது.